டர்போ தானாகச் சாவதில்லை

ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்குப் பிணங்களின் படமாகவே வந்துகொண்டிருக்கிறது. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாரோ ஒருவருடைய மேசையில் எண்ணெய் வடிய ஒரு டர்போ மல்லாந்து கிடக்கும். கீழே ஒரே வரி: "அண்ணே, இது ஏன் போச்சு?" எனக்குச் சர்க்கரை இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு பயலும் கேட்பதில்லை. டர்போவுக்கு இருக்கும் மரியாதை அதை மாட்டியவனுக்குக் கிடையாது.

படம் அனுப்புகிறவர்கள் மோசமான போமென்கள் அல்லர். பினாங்கில் மெக்கானிக்கைப் போமென் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். இப்போது அவர்கள் கையில் ஸ்கேனர் இருக்கிறது. காரில் சொருகினால் 'பூஸ்ட் குறைவு' என்று சொல்கிறது. உடனே புது டர்போவை வரவழைத்து மாட்டிவிடுகிறார்கள். சில மாதத்தில் கார் இழுவை லாரியில் திரும்பி வருகிறது. அப்போதுதான் என் ஞாபகம் வருகிறது. ஸ்கேனர் என்ன நடந்தது என்று சொல்லும்; ஏன் நடந்தது என்று சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் செத்த டர்போவைப் பிரித்துப் பார்க்க வேண்டும், காரின் சொந்தக்காரனையும் உட்கார வைத்துக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இதற்குப் பிறகு மத்தியானத்தில் என்னைத் தூங்க விடுங்கள்.

என் பயிற்சிக் காலம் நீளமானது, சொல்லும்படியாக அதில் எதுவும் இல்லை. பிறந்தது தாசேக் கெலுகோர். பிறையில் ஒரு லாரி வர்க்‌ஷாப்பில் சில வருடம் டீசல் நாற்றத்தோடு குடும்பம் நடத்தினேன். பிறகு பாலத்தைத் தாண்டிப் பினாங்குத் தீவுக்கு வந்து, சுங்கை பினாங்கில் லியோங் தவுக்கேயின் வர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன்; தவுக்கே என்றால் முதலாளி. வேகக் கார்களுக்கு டர்போ வேலை செய்வதற்கென்றே இருந்த கடை அது. அங்கேதான் தலை நரைத்தது. கற்றுக்கொண்டேன் என்பதைவிட நிறையத் திட்டு வாங்கினேன் என்று சொல்வதுதான் பொருத்தம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. டர்போ என்பது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இரும்பு நத்தைகள். ஒரு நத்தைக்குள் என்ஜினின் சூடான புகை நுழைந்து ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில், அடுத்த நத்தைக்குள், இன்னொரு சக்கரம் சுற்றி வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. கூடுதல் காற்று கிடைத்த என்ஜின் பேய் பிடித்த மாதிரி ஓடும். அந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். நடுவில் இருக்கும் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டும். எங்கள் கடைக்கு வந்த டர்போக்கள் பெரும்பாலானவற்றில் அந்தத் தண்டு மிதப்பது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல். அந்த எண்ணெய் ஒரு கணம் வராவிட்டாலும் போச்சு, வந்து அதில் அழுக்கு இருந்தாலும் போச்சு. ஆகவே டர்போ தானாகச் சாவதில்லை, யாரோ கொல்கிறார்கள். கொன்றவனைப் பிடிக்காமல் புது டர்போ மாட்டுவது, அவனிடமே இன்னொரு ஆளை அனுப்பி வைக்கிற வேலை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை, லியோங் தவுக்கேயின் கட்டளை. அவர் ஹொக்கியன் பேசும் சீனர். டத்தோ கிராமாட்டில் தமிழ் வீடுகளுக்கு நடுவே வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும், வாக்கியத்துக்கு ஒரு 'லா' சேர்ந்து வரும். வெள்ளைப் பனியன், பளபளவென்று மெருகேற்றிய தோல் சப்பாத்து: வருடம் முழுவதும் இதுதான் உடுப்பு. அந்தப் பனியனில் ஒருநாளும் கறை பட்டதில்லை. மனிதர் வேலையே செய்வதில்லை போலிருக்கிறது என்று நான் முதலில் நினைத்தேன். வேலையைச் சுத்தமாகச் செய்கிறார் என்று புரியச் சில மாதம் ஆனது. தைப்பூசத்துக்கு மொட்டை போட்டு, பால்குடம் எடுத்துக்கொண்டு தண்ணீர்மலை ஏறுவார். ஒரு முறை வரிசையில் நின்ற நம் ஆள் ஒருவர், "சீனனுக்கு முருகன்கிட்ட என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். "உனக்கு மட்டும்னு எழுதிக் குடுத்தாங்களா லா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு மனிதர் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்.

செத்த டர்போ கடைக்கு வந்தால் தவுக்கே முதலில் வானொலியை அணைப்பார். அடுத்து எங்களைக் கை கழுவச் சொல்வார். ஊரில் எல்லா போமெனும் வேலை முடிந்து கை கழுவுவான். நாங்கள் தொடங்கும்போதும் கழுவினோம். மேசையில் சீன நாளிதழை விரித்து, பிரித்த பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அதன் மேல் வைக்க வேண்டும். டர்போவைக் கழற்றும் முன்பே அதற்கு எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் வடியும் குழாய், காற்று வரும் வழி மூன்றையும் பார்த்துவிட வேண்டும். எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, பிறகு மூக்கருகில் கொண்டுபோக வேண்டும். கருகிய வாசம் வந்தால் ஒரு கதை, பெட்ரோல் வாசம் வந்தால் வேறு கதை. கடைசியில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். மேலும் கீழும் இம்மியளவு ஆடலாம், எண்ணெய்க்கு இடம் வேண்டுமே. உள்ளே வெளியே இழுக்கும்போது கைக்குத் தெரிகிற மாதிரி ஆடினால் ஆட்டம் முடிந்தது.

திறந்த ஒவ்வொரு துளையையும் துணியால் அடைப்போம். அந்தத் துணி சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் மறந்து உள்ளேயே விட்டுவிட மாட்டோம். எங்களோடு இருந்த ஒரு புத்திசாலி, சிவப்புத் துணி கைக்கு எட்டவில்லை என்று டிஷ்யூவைச் சுருட்டிக் காற்றுக் குழாயில் சொருகினான். எடுக்க மறந்தான். என்ஜினைக் கிளப்பியதும் டர்போ அதை ஒரே வாயில் விழுங்கியது. தவுக்கே கத்தவில்லை. மிச்சமிருந்த டிஷ்யூ பெட்டியை அவன் கையில் கொடுத்து, "இத வச்சு அழு லா" என்றார். அவர் கோபத்தின் உச்சம் அதுதான்.

காரின் சொந்தக்காரனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி காரைப் பற்றி இருக்காது. "கடைசியா எங்க சாப்பிட்ட?" என்று கேட்பார். வந்தவன் விழிப்பான். பதில் பெரும்பாலும் சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையாக இருக்கும். நெடுஞ்சாலையில் டர்போ சிவக்கச் சிவக்க அடித்து ஓட்டி வருவான். கடை வாசலில் கிடைக்காத பார்க்கிங் கிடைத்துவிடும். இன்னொருவன் வருவதற்குள் நுழைந்து, சாவியைத் திருப்பி, மீன் தலை தீர்ந்துவிடுமோ என்று உள்ளே ஓடுவான். என்ஜின் நின்றதும் எண்ணெய் ஓட்டமும் நிற்கும். கொதிக்கிற டர்போவுக்குள் தங்கிய எண்ணெய் அங்கேயே கருகிக் கரிக்கட்டியாகும். இரண்டு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டிருந்தால் டர்போ பிழைத்திருக்கும். பினாங்கில் வேறெந்தக் காரணத்தைவிடவும் குழம்பு வாசம்தான் அதிக டர்போவைக் கொன்றிருக்கிறது. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கில்லை, நான் சாப்பிடப் போவது மோட்டார்சைக்கிளில்.

இதெல்லாம் சுலபமான சாவு. என்னை ஆட்டிவைத்தது தினேஷின் கார்.

தினேஷ் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னிஷியன். முப்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, அப்பா இல்லை. டத்தோ கிராமாட் அடுக்குமாடியில் அம்மாவோடு இருந்தான். சம்பளத்தில் பாதியை வங்கிக்குக் கொடுத்து ஒரு வெள்ளை நிற ஜப்பான் டர்போ கார் வாங்கியிருந்தான், இரண்டாம் கை. தேத்தாரே குடிக்க நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குப் போய்வருகிற ரகம். ஈப்போவில் தேநீருக்கு என்ன தனிச் சுவை என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை, நடுவில் இருக்கும் நெடுஞ்சாலைதான் சுவை.

அந்தக் காரின் டர்போ முதல் தடவை நீலப் புகை கக்கிச் செத்தது. பிரித்தால் தண்டைத் தாங்கும் பேரிங் முழுவதும் கோடு கோடாகக் கீறல். எண்ணெயில் ஏதோ அழுக்கு சேர்ந்து அரைத்திருக்கிறது. ஆனால் தினேஷ் எண்ணெய் மாற்றுவதில் தவறாதவன். காரை முதலில் வைத்திருந்தவன் பராமரிக்காமல் விட்ட அழுக்குதான் என்று முடிவு கட்டினோம். ஊர் பேர் தெரியாத ஆள் மேல் பழியைப் போட்டால் எதிர்த்துக் கேட்க யாரும் இல்லை. தவுக்கே மட்டும், "எனக்குத் திருப்தி இல்ல லா" என்றார். என்ஜினைக் கழுவி, எண்ணெய்க் குழாயை மாற்றி, புது ஃபில்டர், புது எண்ணெய், புது டர்போ என்று என் கையாலேயே எல்லாம் போட்டேன்.

அந்தச் சமயத்தில் அவனுடைய அம்மா லெட்சுமி அக்கா ஒரு தடவை கடைக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய வடை.

"தம்பி, காடி ரெடியாக எத்தன நாளாகும்?"

"சாமான் வெளியூர்லேர்ந்து வரணும்கா. மூணு வாரம் ஆகும்."

"பரவால்ல. நல்லா மெதுவா செய்ங்க. அவசரமே இல்ல."

முப்பது வருடத் தொழிலில் 'மெதுவாகச் செய்' என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். இப்படி ஒரு வாடிக்கையாளரா என்று நான் உருகிப்போனேன். வடையும் நன்றாக இருந்தது.

சில மாதங்களில் கார் இழுவை லாரியில் திரும்பி வந்தது. அதே நீலப் புகை. லாரிக்குப் பின்னாலேயே அம்மாவின் பழைய சின்னக் காரில் தினேஷ் வந்து இறங்கினான்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்க போட்டது ஒரிஜினலா, இல்ல போலிச் சாமானா?"

"தம்பி, பெட்டி உன் முன்னாலதானே பிரிச்சேன்?"

"பெட்டி ஒரிஜினல்தாண்ணே. உள்ள இருந்தது?"

அன்று மாலையே வேகக் கார்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவில் எங்கள் கடையின் படத்தைப் போட்டு, 'இங்கே போகாதீர்கள்' என்று எழுதிவிட்டான். அதற்குக் கீழே, எங்கள் கடையை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் எங்களிடம் ஏமாந்த கதையை எழுதினார்கள். கடைத் தொலைபேசி அமைதியானது. வருவதாகச் சொன்ன கார்கள் வரவில்லை. தவுக்கே என்னைக் கூப்பிட்டார்.

"ராஜ், உன் கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? கண்டுபிடி லா."

எனக்குப் பயமாக இருந்தது. அறுபதை நெருங்குகிற வயதில், கை சரியில்லை என்று பேர் வாங்கிய போமெனை எந்தக் கடையும் எடுக்காது. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். தவுக்கேக்கும் இந்த ஒரு கடைதான்.

டர்போவைப் பிரித்தேன். பேரிங்கில் பழைய மாதிரியே கீறல், புத்தம்புதுச் சாமானில். எண்ணெய்க் குழாயின் தலையில் துளை போட்ட ஒரு போல்ட் இருக்கும், அதற்குள் பொடி வலை இருக்கும். அந்த வலையில் சாம்பல் நிறத்தில் களிம்பு அப்பிக் கிடந்தது. அதை வழித்து, பெட்ரோலில் அலசி, நாளிதழில் காய வைத்தேன். காய்ந்ததும் நைசான வெளிறிய பொடி. சிமெண்டா? தொழிற்சாலையில் அவனுக்கு ஆகாதவன் யாராவது போட்டிருப்பானா?

தவுக்கே வந்தார். பொடியை ஒரு சிட்டிகை எடுத்தார். தேய்த்தார். முகர்ந்தார். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். பிறகு மூன்று விரலால் தொட்டுத் தன் நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டார். கடை நொடித்துப்போகிற கவலையில் மனிதருக்குக் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"துன்னூறு லா, ராஜ்."

"தவுக்கே, வெளையாடாதீங்க."

"வருசா வருசம் தைப்பூசத்துக்கு நெத்தியில இதத்தான் பூசிக்கிறேன். எனக்குத் தெரியாதா? வா, பானெட்டைத் தெற."

திறந்தோம். பாட்டரியின் மேல் காய்ந்த சந்தனப் பொட்டு. எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியில் அழகாக மூன்று கோடு. மூடியைத் திருகி எடுத்தால், கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் காய்ந்த வளையம். அந்த மூடியை நானே பல முறை திறந்து மூடியிருக்கிறேன். நம் ஆள்களின் காரில் பானெட்டைத் திறந்தால் பட்டை இருக்கும், பொட்டு இருக்கும், காய்ந்த எலுமிச்சம்பழம் இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன். என் கண் அதையும் என்ஜினின் ஒரு பாகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. மூடியின் மேல் பூசுகிற கை மூடியைத் திறந்து உள்ளேயும் போடும் என்று எந்த ஸ்கேனர் சொல்லப் போகிறது?

சாணச் சாம்பல் பார்ப்பதற்குத்தான் மாவு. பேரிங்குக்கு அது உப்புத்தாள். கொஞ்ச காலம் ஃபில்டர் பிடித்து வைக்கும். ஃபில்டர் நிறைந்து அடைத்துக்கொண்டால், என்ஜின் எண்ணெயில்லாமல் சாகக்கூடாது என்று அதிலேயே ஒரு குறுக்கு வழி திறந்துகொள்ளும். அப்புறம் எல்லாச் சாம்பலும் வடிகட்டப்படாமல் நேராக டர்போவுக்குப் போகும். டர்போவுக்கு மோட்சம்.

சனிக்கிழமை தினேஷை வரச் சொன்னோம். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிற வழியில் வந்ததால் லெட்சுமி அக்காவும் கூட வந்திருந்தார். தவுக்கே அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். வானொலியை அணைத்தார். நாளிதழை விரித்து, டர்போவின் பாகங்களை வரிசையாக வைத்து, கடைசியில் அந்தப் பொடியை வைத்தார்.

"இது எண்ணெயில இருந்துச்சு தம்பி. யாரோ போட்டிருக்காங்க."

தினேஷ் துள்ளிவிட்டான். "யாரோவா? காடி ஒங்க கிட்ட வந்தா இங்க இருக்கு, இல்லாட்டி எங்க வீட்டுக் கீழ நிக்குது. வேற எவன் போடுவான்? ஒங்க தப்ப மறைக்க…"

"நான்தான்டா போட்டேன்" என்றார் லெட்சுமி அக்கா.

கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். தினேஷ் அம்மாவைப் பார்த்தான், பொடியைப் பார்த்தான்.

"என்னம்மா போட்டே?"

"துன்னூறு. வெள்ளிக்கிழம வெளக்கேத்திட்டு, நீ குளிக்கிறப்ப சாவிய எடுத்துக்கிட்டுக் கீழ போவேன். சாமிக்குப் படைச்ச துன்னூறு. மேல பூசினா மழையில கரஞ்சிடுது. அதான் உள்ள போட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தவுக்கே என் காலை மிதித்தார், அந்தப் பளபளச் சப்பாத்தால். தினேஷ் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"அம்மா, என்ஜின்லபோய்… தெரியாமப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் இவங்கள ஊரு பூரா நாறடிச்சிட்டேன்."

"மொத தடவ தெரியாமத்தான் போட்டேன்."

அப்படியென்றால் இரண்டாம் தடவை?  அவரே சொன்னார்.

"காடி கெட்டுப்போச்சு. மூணு வாரம் நீ என் காடியில வேலைக்குப் போனே. அது நூறைத் தாண்டாது. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுல இருந்தே. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டோம். நானும் பாத்தேன். ஓகோ, முருகன் இப்படித்தான் காப்பாத்துறாரு போலன்னு நெனச்சேன். காடி திரும்பி வந்துச்சு. அப்புறம் ஒரு சிட்டிக இல்ல, ஒரு கரண்டி."

 அவர் நிறுத்தவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"ஒன் போன்ல வீடியோ பாத்தேன்டா. முள்ளு இருநூறைத் தாண்டி நிக்குது. நீ சிரிக்கிற சத்தம் கேக்குது. அன்னைலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. ராத்திரி கீழ ஒங்காடி 'ப்ஷ்ஷ்'னு ஒரு சத்தம் போடுமே, அது கேட்டாத்தான் எனக்கு உசுரு திரும்பும். ஒங்கிட்ட சொன்னா கேப்பியா? சொல்லிப் பாத்தேனே. 'பயப்படாதமா'ன்னே. பயப்படாதமான்னு சொன்னா பயம் போயிடுமாடா?"

எனக்கு வந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டர்போவைக் கொன்றது எண்ணெய் அழுக்கு என்று நான் கண்டுபிடித்திருந்தேன். அதற்கும் பின்னால் ஒரு பெண் இத்தனை மாதமாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வடை சாப்பிட்டு அவரை மெச்சியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

லெட்சுமி அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "தவுக்கே, தம்பி, ஒங்க கடைப் பேரு கெட்டது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா இதச் செஞ்சிருக்க மாட்டேன். மன்னிச்சிருங்க." பிறகு, கடைக்காரரிடம் கறிக்கு எலும்பு கேட்கிற தொனியில், "அந்த டர்போ இல்லாம வண்டி ஓடாதா?" என்று விசாரித்தார்.

"ஓடாதுக்கா" என்றேன். அது பொய் என்று தவுக்கேக்குத் தெரியும். ஏதாவது செய்து ஓடவைக்கலாம். ஆனால் தொழிலுக்கும் ஒரு மானம் இருக்கிறதே.

தினேஷ் அங்கேயே நின்று ஃபேஸ்புக்கில் எழுதியதை எடுத்துவிட்டு, தவறு தன் பக்கம் என்று எழுதினான். அம்மா பெயரைச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரைப் பாசாருக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மூன்று வாரத்தில் சாமான் வந்ததும் மூன்றாவது டர்போவை மாட்டினேன். என்ஜினின் அடித்தொட்டியையே கழற்றிக் கழுவினோம். புது டர்போவின் எண்ணெய்த் துளையில் சுத்தமான எண்ணெயை ஊற்றி, விரலால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தண்டு முழுவதும் நனையவிட்டேன். பிறகு தீப்பொறி இல்லாமல் ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றவைத்து, எண்ணெய் அழுத்தம் ஏறி எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகுதான் என்ஜினைக் கிளப்பினேன். இதைச் செய்யச் சோம்பல்படுகிறவர்கள்தான் எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அந்த டர்போ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, வேண்டுமானால் குறித்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தது சாலைச் சோதனை. தினேஷ் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முழு பூஸ்ட் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். அன்று லெட்சுமி அக்காவும் கூட வந்திருந்தார்; தவுக்கே குறுக்கே வந்தார்.

"வண்டியில இருந்ததை நாங்க எடுத்துட்டோம் தம்பி. ஒங்க வீட்டுல இருக்குறத எங்களால கழட்ட முடியாது லா. அம்மா முன்னால உக்காரட்டும். ராஜ், நீ பின்னால போ."

அதுவரை லெட்சுமி அக்கா அந்தக் காரில் ஏறியதே இல்லையாம். பந்தய இருக்கையில் அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஜெலுத்தோங் கடற்கரை நெடுஞ்சாலைக்குப் போனோம். மத்தியான வேளை, சாலை காலியாக இருந்தது. அம்மாவும் பிள்ளையும் மூன்று வாரமாகச் சரியாகப் பேசவில்லை என்பது பின்னிருக்கையிலிருந்தே தெரிந்தது. நான் டர்போவின் விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். நல்ல சுத்தமான சத்தம்.

"தம்பி, ஒரே ஒரு தடவ முழுசா அழுத்து. பூஸ்ட் பாத்துட்டுத் திரும்பிடலாம்" என்றேன்.

அவன் தயங்கினான்.

"அண்ணன் சொல்றாருல்ல, அழுத்து" என்றார் லெட்சுமி அக்கா. "நீ வீடியோல பண்றத நானும் பாக்கறேன்."

தினேஷ் அழுத்தினான். பூஸ்ட் முள் எழுந்தது, உடனே படுத்துவிட்டது.  திரும்ப அழுத்தினான். திரும்பவும் முள் பாதி வழியில் படுத்தது. நான் எட்டிப் பார்த்தேன், ஏதாவது குழாய் கழன்றுவிட்டதோ என்று.

"என்ன தம்பி, வண்டி இழுக்கலையா?"

"வண்டி இழுக்குதுண்ணே. அம்மா பக்கத்துல இருக்கா. கால் எறங்க மாட்டேங்குது."

லெட்சுமி அக்கா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் இல்லாதப்ப மட்டும் எப்படிடா எறங்குது?"

நான் முப்பது வருடம் ஊராருக்கு வேகம் செய்து கொடுத்தவன்.  கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினேஷ் சிக்னல் போட்டு இடது ஓரத்துக்கு வந்து, பழைய லாரி ஒன்றின் பின்னால் அதன் வேகத்திலேயே போனான். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தான்.

லெட்சுமி அக்கா கைப்பையைத் திறந்து, ஒரு டிஷ்யூவை உருவி அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடா" என்றார்.